‘ஒண்ணுமில்லை’ என்றால் என்ன அர்த்தம்?



சைக்கிளில் இருந்து ஒருத்தன் விழுகிறான். ஓடிப் போய், “என்னலே ஆச்சு?” என்று கேட்கிறோம். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே, “ஒண்ணுமில்ல” என்கிறான். நமக்கு நிம்மதி. அதே ஆசாமி ராத்திரி பசியோடு வீட்டுக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல” என்றால்? வார்த்தை ஒன்றுதான். முதலில் சொன்னது நல்ல சேதி, இரண்டாவது கெட்ட சேதி. எதைப் பற்றிச் சொல்கிறான் என்று தெரியாதவன் ஏமாந்து போவான்.

சென்ற வருடம் நாங்கள் மூன்று பேர் அப்படித்தான் ஏமாந்தோம். ஏமாந்தது நாங்கள், நஷ்டப்பட்டது இரண்டாம் ஆண்டுத் தம்பிகள் மூன்று பேர். அந்தக் கதையையும், அதைச் சரி செய்யப் போய்க் கற்றுக்கொண்ட சங்கதிகளையும் மலர்க் குழுவினர் கேட்டதற்காக எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்கு நேரடியாக உதவும். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். புரியும்படிதான் எழுதியிருக்கிறேன்.

ஒரு கம்ப்யூட்டருக்குள் பன்னிரண்டு

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பெரிய சர்வர் இருக்கிறது. அதற்குள் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. நிஜக் கம்ப்யூட்டர் இல்லை, மெய்நிகர் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம், தனி டிஸ்க், தனி லினக்ஸ். ஒரு மாணவர் தன் கம்ப்யூட்டரைத் தப்பாகக் கட்டளை கொடுத்துக் கெடுத்தாலும் மற்ற பதினொன்றுக்கும் பாதிப்பு கிடையாது. டிஸ்க் என்று நாம் சொல்வது சர்வரில் இருக்கும் ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். கோப்பை நகலெடுத்து வைத்தால் அந்தக் கம்ப்யூட்டரையே நகலெடுத்த மாதிரி.

இது ஒன்றும் புது யோசனை அல்ல. ஐபிஎம் நிறுவனம் 1972-லேயே தன் பெரிய இயந்திரங்களுக்கு இப்படி ஒரு மென்பொருளை வெளியிட்டுவிட்டது. நம் கைக்கு எட்டும் விலையுள்ள கம்ப்யூட்டர்களில் இது பரவியது 2000-க்குப் பிறகுதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த சென் 2003-ல் வந்தது. கேவிஎம் 2007-ல் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்தது. இப்படி ஆளுக்கு ஒரு முறை வைத்திருந்ததால், எல்லாவற்றையும் ஒரே மாதிரி கட்டளைகளால் இயக்க ஒரு பொது லைப்ரரி தேவைப்பட்டது. அதுதான் லிப்வர்ட். ரெட் ஹேட் நிறுவனத்தில் இருந்த டேனியல் வெயார் 2005-ல் தொடங்கி வைத்தது. முதலில் சென்னுக்காக எழுதப்பட்டதால் சென்னின் பாஷை அதில் ஒட்டிக்கொண்டது. மெய்நிகர் கம்ப்யூட்டரை அதில் ‘டொமைன்’ என்பார்கள். இணையதளப் பெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குழம்ப வேண்டாம்.

லிப்வர்ட் சி மொழியில் எழுதப்பட்டது. நம்மில் பலருக்குக் கை வருவது பைத்தான். சி லைப்ரரியைப் பைத்தானில் இருந்து கூப்பிட நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதற்குப் பெயர் பைண்டிங். லிப்வர்ட்டுக்குப் பைத்தான், பெர்ல், ரூபி, ஜாவா, கோ என்று பல மொழிகளில் பைண்டிங் இருக்கிறது. பைத்தான் பைண்டிங் முதலில் லிப்வர்ட்டோடு கூடவே வந்துகொண்டிருந்து 2013-ல் தனிக்குடித்தனம் போய்விட்டது.

எங்கள் சர்வரில் லிப்வர்ட் இருந்தது, பைத்தான் இருந்தது, இரண்டையும் இணைக்கும் பைண்டிங் மட்டும் இல்லை. ஆய்வகத்துக்கு இணையத் தொடர்பும் கிடையாது. பென் டிரைவில் கொண்டு வந்து ஏற்றியிருக்கலாம். ஆனால் எங்களுக்கு வந்தது உற்சாகம். “நாமளே எழுதிருவோம்லே” என்று ஆரம்பித்தோம். பைத்தானிலேயே சிடைப்ஸ் என்று ஒரு வசதி உண்டு. சி லைப்ரரியைத் திறந்து, ஃபங்ஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம், கம்பைலர்கூட வேண்டாம். இரண்டு நாளில் எங்கள் பைண்டிங் தயார்.

வெள்ளிக்கிழமை புரோகிராம்

பைண்டிங்கை வைத்து ஒரு புரோகிராம் எழுதினோம். ஒவ்வொரு வெள்ளி மாலையும் அது பன்னிரண்டு டொமைன்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, டிஸ்க் கோப்பை இன்னொரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, மறுபடி கிளப்பிவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால், பாதி எழுதிய கணக்கு நோட்டைப் படி எடுத்த மாதிரி, முன்பக்கம் ஒரு கணக்கும் பின்பக்கம் இன்னொரு கணக்குமாக இருக்கும். அதனால்தான் நிறுத்துவது முக்கியம்.

நிறுத்துவதற்கு லிப்வர்ட்டில் ஷட்டவுன் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதைக் கூப்பிட்டு, திருப்பித் தருவது ‘உண்மை’ என்றால் ‘வெற்றி’ என்றும், இல்லாவிட்டால் ‘தோல்வி’ என்றும் திரையில் எழுதச் சொன்னோம். முதல் வெள்ளிக்கிழமை ஓட்டினால் பதினொன்றுக்கு ‘தோல்வி’. பன்னிரண்டாவது டொமைன் அன்று ஏற்கெனவே அணைந்து கிடந்தது. அதற்கு மட்டும் ‘வெற்றி’!

போய்ப் பார்த்தால் பதினொன்றும் ஒழுங்காக நின்றிருந்தன. அப்போதே உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. சி லைப்ரரி 0 என்று திருப்பித் தந்தால், ‘தொந்தரவு ஒண்ணுமில்லை’ என்று அர்த்தம், சைக்கிளில் இருந்து விழுந்தவன் சொன்ன மாதிரி. தப்பு நடந்தால் -1 வரும். பைத்தானோ எண்ணைப் பானை மாதிரிப் பார்க்கிறது. 0 என்றால் காலி, அதாவது ‘பொய்’. 0 அல்லாத எந்த எண்ணும், -1 உட்பட, ‘உண்மை’. ஆக எங்கள் புரோகிராம் நல்லதைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் அச்சுப் பிசகாமல் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? “எல்லாம் நல்லாத்தான் அணையுது. இந்தத் தோல்வி வரிதான் தொந்தரவு” என்று சோதிக்கும் வரியையே எடுத்துவிட்டோம். எது நடந்தாலும் ‘வெற்றி’. எழுதியது நான்தான்.

இன்னொரு தொந்தரவும் இருந்தது. அணைந்து கிடக்கும் டொமைனை நிறுத்தச் சொன்னபோதெல்லாம் லிப்வர்ட் தானாகவே திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியது, ‘டொமைன் ஓடவில்லை’ என்று. வேறு யாரும் எதுவும் செய்யாவிட்டால் பிழைகளைத் திரைக்கு எழுதுவது லிப்வர்ட்டின் வழக்கம். துறையில் எல்லோர் முன்னாலும் புரோகிராமைக் காட்ட வேண்டிய நாள் வந்தது. அழகான ‘வெற்றி’ வரிசைக்கு நடுவே இந்த ஆங்கில வரி அசிங்கமாக இருந்தது. பிழை வரிகள் எல்லாம் லினக்ஸின் குப்பைக் குழிக்குப் போகும்படி திருப்பிவிட்டோம். பிறகு திரை பளிச்சென்று இருந்தது. கைதட்டலும் கிடைத்தது.

ஹார்டு டிஸ்க் போன நாள்

நான்காவது மாதம் சர்வரின் முதல் டிஸ்க் போய்விட்டது. செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள். “கவலைப்படாதீங்க சார், நகல் இருக்கு” என்று பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. ஒன்பது டொமைன்கள் நகலில் இருந்து கிளம்பின. மூன்று கிளம்பவே இல்லை.

ஏன் என்று பிற்பாடு கண்டுபிடித்தோம். ஷட்டவுனைக் கூப்பிட்டபின் எங்கள் புரோகிராம் 30 விநாடி காத்திருந்துவிட்டு நகலெடுக்க ஆரம்பிக்கும். இரண்டு தம்பிகளின் லினக்ஸில் ஒரு சர்வீஸ் நிற்க மறுத்துக்கொண்டிருந்தது. நிற்காத சர்வீஸுக்கு லினக்ஸின் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி வரை அவகாசம் கொடுக்கும். அணைந்துகொண்டே டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் நகலெடுத்திருக்கிறோம். அடுத்து ‘கிளப்பு’ என்று சொன்னபோது லிப்வர்ட், ‘இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது’ என்று -1 தந்திருக்கும். நாங்கள் எழுதியது ‘வெற்றி’. அந்த இருவரும் திங்கட்கிழமை காலையில், “அண்ணே, எங்க மெஷின் அணைஞ்சு கெடக்கு” என்று பலமுறை சொல்லியிருக்கிறார்கள். “கரண்டு போயிருக்கும்லே” என்று நாங்களும் பலமுறை சொல்லியிருக்கிறோம்.

மூன்றாவது தம்பி தன் டொமைனின் பெயரை மாற்றி வைத்துவிட்டான். பழைய பெயரைச் சொல்லித் தேடினால் லிப்வர்ட் ‘நல்’ என்ற வெற்றுச் சுட்டியைத் திருப்பித் தரும். (பெயரில் ‘நல்’ இருக்கிறதே தவிர, வந்தால் கெட்டதுதான்.) அந்த வெற்றுச் சுட்டியைக் கொண்டு போய் ஷட்டவுனிடம் கொடுத்தோம். அது -1 தந்தது. ‘வெற்றி’ என்று எழுதிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த டிஸ்கை வாரா வாரம் நகலெடுத்தோம்.

மூவருக்கும் ஒரு செமஸ்டர் வேலை போயிற்று. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆய்வகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்களோடு நாங்களும் உட்கார்ந்து மறுபடி செய்தோம். ஒருத்தனும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தலைகீழைத் திருப்பினால் போதுமா?

‘0 என்றால் வெற்றி, -1 என்றால் தோல்வி என்று மாற்றினால் முடிந்தது’ என்று நினைத்தோம். லிப்வர்ட்டின் ஃபங்ஷன் விளக்கங்களை வரிசையாகப் படித்தபோதுதான் தலை சுற்றியது. தோல்வியைச் சொல்லும் விதம் ஒன்றுக்கொன்று வேறு.

ஷட்டவுன், கிரியேட் போன்றவை 0 அல்லது -1. பெயரைச் சொல்லித் தேடும் ஃபங்ஷன் சுட்டி அல்லது நல். ‘ஓடுகிறதா?’ என்று கேட்கும் ஈஸ்-ஆக்டிவ் மூன்று பதில் தரும்: 1 என்றால் ஓடுகிறது, 0 என்றால் ஓடவில்லை, -1 என்றால் ‘எனக்கே தெரியவில்லை’. இதைப் பைத்தானில் உண்மை, பொய் என்று இரண்டாக மடக்கினால் ‘தெரியவில்லை’ என்பது ‘ஓடுகிறது’ ஆகிவிடும். அதிகபட்ச நினைவகம் எவ்வளவு என்று கேட்கும் கெட்-மேக்ஸ்-மெமரியில் தோல்வி என்றால் 0 வரும்! டொமைனின் எண்ணைக் கேட்கும் கெட்-ஐடி இன்னும் வேடிக்கை. ஓடாத டொமைனுக்கு எண் கிடையாது, அதனால் -1 தருகிறது. அங்கே -1 என்பது பெரும்பாலும் தப்பே அல்ல, சாதாரணப் பதில்.

ஆக, ‘தோல்விக்கு அடையாளம் இதுதான்’ என்று ஒரே விதி கிடையாது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு அடையாளம். அதைத் தெரிந்து வைத்திருந்து, பைத்தானுக்குப் புரியும் ஒரே பாஷையில் மாற்றிச் சொல்வதுதான் பைண்டிங்கின் வேலை. பைத்தானில் அந்தப் பாஷைக்குப் பெயர் எக்ஸெப்ஷன். எண்ணைத் திருப்பித் தந்தால் கூப்பிட்டவன் பார்க்காமல் போகலாம். எக்ஸெப்ஷன் எழும்பினால், பிடிப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் புரோகிராமே நின்றுவிடும். கவனிக்காமல் தாண்டிப் போக முடியாது.

பிழைச் செய்தியைச் சாதாரணத் தகவலாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒன்று உண்டு. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே, கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடக்கப் பார்த்து வழிகாட்டிக் கருவியில் பிழை எழுந்தது. கருவி தன் வேலையை நிறுத்தி, தனக்கு என்ன கோளாறு என்ற விவரத்தை அனுப்பியது. முக்கியக் கம்ப்யூட்டர் அந்தக் கோளாறு விவரத்தையே ராக்கெட் போகும் திசை என்று நினைத்து எஞ்சினை ஒரேயடியாகத் திருப்பியது. எங்கள் -1 ‘வெற்றி’ ஆனதும் அதே ஜாதிதான். எங்களுக்கு மூன்று டிஸ்கோடு போயிற்று.

பிட் என்றதும் ஞாபகம் வருகிறது. சிடைப்ஸில் ஒரு ஃபங்ஷன் எந்த வகை விடை தரும் என்று நாம் சொல்லாவிட்டால், அது 32 பிட் முழு எண் என்று தானாக எடுத்துக்கொள்ளும். இன்றைய கம்ப்யூட்டர்களில் சுட்டி 64 பிட். பாதி வெட்டுப்பட்டு வரும். சில நாள் ஓடும், சில நாள் புரோகிராம் மூச்சில்லாமல் சாயும். ஆரம்ப நாட்களில் எங்களுக்கு இது நடந்து, ‘மறுபடி ஓட்டு’ என்பதையே வைத்தியமாக வைத்திருந்தோம். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் வாங்கும் வகை, தரும் வகை இரண்டையும் எழுதி வைத்ததும் அந்த வியாதி போனது. சுட்டி வகை என்று சொல்லிவிட்டால் நல் வரும்போது பைத்தான் அதை ‘நன்’ என்று காட்டும். ஆகவே, அதைச் சோதிப்பதும் சுலபமாயிற்று.

பிழை: பிழை ஏதும் இல்லை

அடுத்து, தப்பு நடந்தது என்று மட்டும் சொன்னால் போதாது, என்ன தப்பு என்றும் சொல்ல வேண்டும். லிப்வர்ட் கடைசியாக நடந்த பிழையின் எண்ணையும் செய்தியையும் நினைவில் வைத்திருக்கும். ‘கடைசிப் பிழை என்ன?’ என்று கேட்க அதற்கென்று ஃபங்ஷன் உண்டு. நாங்கள் ஷட்டவுனைக் கூப்பிட்டோம், டொமைன் சுட்டியை ஃப்ரீ என்ற ஃபங்ஷனால் விடுவித்தோம் (சுத்தம் முக்கியமல்லவா!), பிறகு விடை -1 ஆக இருந்தால் செய்தியைக் கேட்டு எக்ஸெப்ஷன் எழுப்பினோம். திரையில் வந்த செய்தி: ‘பிழை: நோ எர்ரர்’. அதாவது, பிழை: பிழை ஏதும் இல்லை.

ஒரு சாயங்காலம் முழுக்க இதில் போயிற்று. களக்காட்டுக்கு கடைசி பஸ்ஸைத்தான் பிடித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போதுதான் பொறி தட்டியது. லிப்வர்ட்டின் வெளி ஃபங்ஷன்கள் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகப் பழைய பிழையை அழித்துவிட்டுத்தான் தம் வேலையைத் தொடங்குகின்றன. ஃப்ரீயும் அப்படித்தான். நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டுப் பிறகு கால்தடம் தேடியிருக்கிறோம். முதலில் செய்தியைப் படித்துப் பத்திரப்படுத்து, பிறகு சுத்தம் செய். வரிசையை மாற்றியதும் செய்தி வந்தது. லிப்வர்ட்டை எழுதியவர்களுக்கே இந்தச் சங்கடம் இருந்திருக்க வேண்டும். உள்ளே சுத்தம் செய்யும்போது பிழையை எடுத்து வைத்துப் பின்பு திரும்ப வைப்பதற்கென்றே அவர்கள் ஃபங்ஷன்கள் வைத்திருக்கிறார்கள். இந்த நினைவு ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு திரெட்டில் நடந்த பிழையை இன்னொரு திரெட்டில் போய்க் கேட்டால் கிடைக்காது.

பிறகு ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் சோதனை எழுதுவதை விட்டுவிட்டோம். சிடைப்ஸில் எர்செக் என்று ஒரு கொக்கி இருக்கிறது. ஒரு சி ஃபங்ஷனுக்கு அதை மாட்டிவிட்டால், ஒவ்வொரு முறையும் விடை நம் கைக்கு வருமுன் நாம் சொன்ன சோதனை வழியாகத்தான் வரும். ‘தோல்வி அடையாளம்’ என்று ஒரு அட்டவணை போட்டோம்: இந்த ஃபங்ஷனுக்கு -1, இதற்கு நல், இதற்கு 0, இதற்கு எதுவும் இல்லை. சோதனை ஒன்றே, அட்டவணைதான் வேறு வேறு. அடையாளம் ஒத்துப்போனால் அந்த இடத்திலேயே செய்தியையும் எண்ணையும் படித்து எக்ஸெப்ஷன் எழுப்பும்.

இதையெல்லாம் நிஜ டொமைன்களில் சோதித்துப் பார்க்க இந்தமுறை தைரியம் வரவில்லை. நல்லவேளையாக லிப்வர்ட்டுக்குள்ளேயே ‘டெஸ்ட்’ என்று ஒரு பொய்க்கால் குதிரை இருக்கிறது. நிஜத்தில் எதையும் ஓட்டாமல் ஓட்டுவது போலப் பாவனை செய்யும். அதில் இல்லாத பெயரைத் தேடினோம். 42 என்ற எண்ணோடு எக்ஸெப்ஷன் வந்தது. ‘டொமைன் இல்லை’ என்பதற்கு லிப்வர்ட்டின் எண் 42. நிறுத்தியதையே மறுபடி நிறுத்தினோம். 55 வந்தது, ‘இந்த நிலையில் இது செல்லாது’ என்று. தப்பு நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுப் புரோகிராம் ஓட்டியது எனக்கு அதுதான் முதல் தடவை.

லாரி போச்சு, காய் சேர்ந்துதா?

புது பைண்டிங்கோடு வெள்ளிக்கிழமை புரோகிராமை ஓட்டினோம். மூன்றாவது டொமைனிலேயே நின்றுவிட்டது! அது ஏற்கெனவே அணைந்து கிடந்தது. 55 எழும்பியது, பிடிக்க ஆள் இல்லை, மீதி ஒன்பதும் நகல் இல்லாமல் நின்றன. பைண்டிங் செய்தது சரிதான். அணைந்ததை நிறுத்தச் சொன்னால் பிழை என்று சொல்வது அதன் கடமை. ‘எனக்கு அது பரவாயில்லை’ என்று முடிவு செய்ய வேண்டியது கூப்பிடுகிறவன். எங்கள் நண்பன் செய்தியில் ‘ஓடவில்லை’ என்பதற்கான ஆங்கில வார்த்தைகள் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துத் தாண்டிவிடலாம் என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. செய்தியின் வாசகம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். தவிர, லிப்வர்ட் செய்திகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பே இருக்கிறது. மொழியை மாற்றி வைத்தால் ஆங்கில வார்த்தையை எங்கே போய்த் தேடுவது? எண் 55 எந்த மொழியிலும் 55தான். அந்த ஒன்றை மட்டும் பிடித்துத் தாண்டும்படியும், மற்றவற்றுக்கு அந்த டொமைனை விட்டுவிட்டுக் காரணத்தை எழுதி அடுத்ததற்குப் போகும்படியும் செய்தோம்.

காத்திருக்கும் விஷயம் மிச்சம். ஷட்டவுன் 0 தந்தால் அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அணையச் சொல்லிச் சேதி அனுப்பியாயிற்று என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே இருக்கும் லினக்ஸ் நேரம் எடுத்துக்கொள்ளலாம், கேட்காமலேயே இருக்கலாம்.

இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா சிரித்தார். எங்கள் ஊர் ஏத்தன் வாழைத்தார் லாரியில் கேரளத்துக்குப் போகும். “லாரி ஏத்தி விட்டா காய் மண்டிக்குப் போய்ச் சேந்துட்டுன்னு அர்த்தமாலே? போன் வரலன்னா ஒண்ணுமில்லன்னு இருந்துருவேனா? நானே கூப்பிட்டுக் கேப்பேம்லா” என்றார். டிப்ளமோ இல்லாமலே.

இப்போது எங்கள் புரோகிராம் ஈஸ்-ஆக்டிவைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, மூன்று நிமிடம் வரை. 0 வந்தால்தான் நகல். நேரம் கடந்தால் ‘நிற்கவில்லை, நகல் எடுக்கவில்லை’ என்று எழுதும். -1 வந்தால் எக்ஸெப்ஷன். வலுக்கட்டாயமாக அணைக்கவும் ஒரு ஃபங்ஷன் உண்டு. அது கரண்டைப் பிடுங்குவது மாதிரி. அடுத்தவன் வேலையில் அதைச் செய்ய எங்களுக்கு மனசு வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அதிகாரபூர்வ பைத்தான் பைண்டிங்கையும் பென் டிரைவில் கொண்டு வந்து திறந்து பார்த்தோம். நாங்கள் பட்ட பாட்டையெல்லாம் அவர்கள் முன்பே பட்டிருக்கிறார்கள்! அதன் பெரும்பகுதியை மனிதர் எழுதவில்லை. ஒரு ஜெனரேட்டர் புரோகிராம் லிப்வர்ட்டின் ஃபங்ஷன் பட்டியலைப் படித்துத் தானே எழுதித் தள்ளுகிறது. முழு எண் தரும் ஃபங்ஷன் என்றால் -1 வந்ததும் எக்ஸெப்ஷன், சுட்டி தருவது என்றால் வெறுமையாக வந்ததும் எக்ஸெப்ஷன் என்று பொது விதி. விதிக்கு அடங்காதவர்களுக்கு மட்டும் சின்னச் சின்னப் பட்டியல். அதில் கெட்-மேக்ஸ்-மெமரிக்கு ‘0 என்றால்’ என்று தனியாக ஒரு வரி இருக்கிறது, கெட்-ஐடிக்கு விலக்கு இருக்கிறது. பார்த்ததும் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. ஜெனரேட்டருக்கு அடங்காத சிக்கலான ஃபங்ஷன்களைச் சியில் கையால் எழுதியிருக்கிறார்கள். பிழை திருத்தங்கள் அதிகம் நடந்ததும் அந்தக் கையெழுத்துப் பகுதியில்தான் என்பதில் ஆச்சரியம் இல்லை. சோதிக்காமல் விட்ட விடை, நினைவகம் கிடைக்காதபோது தவறான விடை என்று நம்மைப் போன்ற தப்புகளே.

இப்போது ஆய்வகத்தில் ஓடுவது அதிகாரபூர்வ பைண்டிங். எங்களுடையதைப் பாடமாக வைத்திருக்கிறோம். குப்பைக் குழிக்குப் போன பிழை வரிகளை மீட்டு, தேதியோடு ஒரு கோப்பில் எழுதுகிறோம். திரை முன்னைப்போல் பளிச்சென்று இல்லை. போன வெள்ளிக்கிழமை ‘லேப் 4: நிற்கவில்லை’ என்று வந்தது. போய்ப் பார்த்தால் ஒரு பையன் டேட்டாபேஸில் ஏதோ பெரிய வேலை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான்.

புரோகிராமை இப்போது பார்த்துக்கொள்வது, நகல் போன மூவரில் ஒரு தம்பிதான். அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். சென்ற வாரம் எங்கள் பழைய அட்டவணையில் ஒரு வரி புதிதாகச் சேர்த்துக் காட்டினான். ஒரு டொமைனுக்கு எத்தனை ஸ்னாப்ஷாட் இருக்கிறது என்று எண்ணும் ஃபங்ஷன். தோல்வி என்றால் -1. “அண்ணே, இதுல 0 வந்தா நல்லதா, கெட்டதா?” என்றான். யோசித்தேன். ஸ்னாப்ஷாட் ஒண்ணுமில்லை என்று அர்த்தம். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, வெறும் கணக்கு. அப்படியே அட்டவணையில் அந்த வரிக்கு எதிரே எழுதிக்கொண்டான்.